மைதானத்தில் தாளம் ஏன் சிதறுகிறது? மார்ச்சிங் பேண்டு கேள்வி பதில்

அறைக்குள் வாசித்தால் ஒன்றாக இருக்கிறது. மைதானத்துக்குப் போனதும் சிதறுகிறது. யார் மீது தவறு?

யார் மீதும் இல்லை. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 50 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் வந்து சேர ஏறத்தாழ 146 மில்லிவினாடி ஆகிறது. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓர் அடியின் கால் பங்கு 125 மில்லிவினாடி. கேட்டதற்கு ஏற்ப வாசித்தால் அந்தக் கால் பங்குக்கும் மேல் பிந்திவிடுவீர்கள்.

டிரம்பெட் வாசிக்கிறேன். முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்ப்பதா, டிரம்ஸைக் கேட்பதா?

டிரம்ஸ் உங்களுக்கு நேர் பின்னால் இருந்தால் கேளுங்கள். அந்த ஒலி உங்களைக் கடக்கும்போது நீங்களும் ஊதினால், இரண்டும் சேர்ந்தே பார்வையாளரிடம் போகும். டிரம்ஸ் உங்களுக்கு முன்னால் இருந்தால் அதைக் கேட்கவே கூடாது, கையை மட்டும் பாருங்கள்.

நான் டிரம்ஸுக்குப் பக்கவாட்டில், 30 மீட்டர் தள்ளி நிற்கிறேனே?

பலர் தடுமாறுவது இங்கேதான். பார்வையாளர் டிரம்ஸுக்கு எதிரே 60 மீட்டரில் இருப்பதாக வையுங்கள். நீங்கள் டிரம்ஸைக் கேட்டு வாசித்தால், அங்கே உங்கள் ஒலி 108 மில்லிவினாடி பிந்திப் போய்ச் சேரும். கையைப் பார்த்து வாசித்தால் பிந்துவது 21 மில்லிவினாடிதான். அதனால் ஓரங்களில் நிற்பவர்களுக்குக் கண்தான் வழி. பக்கத்தில் வரும் சத்தத்தோடு சேர மனம் இழுக்கும். பொறுத்துக்கொண்டு உங்கள் காலடியை டிரம் மேஜரின் கையோடு வைத்திருங்கள்.

நான் டிரம் மேஜர். பின்வரிசை எப்போதும் பிந்துகிறது. நான் அவர்களோடு போகலாமா?

வேண்டாம். கேட்பதற்கு ஏற்ப நீங்கள் கையைத் தாமதித்தால், அதைப் பார்த்து அவர்கள் மேலும் தாமதிப்பார்கள், வேகம் இறங்கிக்கொண்டே போகும். ஸ்னேர் என்ற சிறு டிரம் வாசிப்பவர்களில் நடுவில் நிற்பவரின் கால்களைப் பாருங்கள். ஒளிக்குத் தாமதம் கிடையாது. கால் தரையைத் தொடும்போது உங்கள் கையும் இறங்கட்டும், காதை விட்டுவிடுங்கள்.

பயிற்சியில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

எல்லோருக்கும் பின்னால். நான் வெகுநாள் முன்னால், என் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் தாமதமாகக் கேட்டு, தாமதமாக வாசித்து, அந்த ஒலி திரும்பி வரும்போது இரட்டிப்பாகப் பிந்தியது. அவர்களைத்தான் கடிந்துகொண்டேன். அது இன்றும் உறுத்துகிறது. டிரம்ஸ் நகர்ந்தால் ஸ்பீக்கரும் அவர்களுக்குப் பின்னாலேயே நகரட்டும். ஒன்றே போதும். இரண்டு மூலையில் இரண்டு வைத்தால் புதுக் குழப்பம்தான்.

வெயிலில் ஒலி வேகம் மாறுமே, கணக்கில் எடுக்கவா?

10 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால், 50 மீட்டரில் சுமார் 6 மில்லிவினாடி வித்தியாசம். விட்டுவிடுங்கள்.

தெரு ஊர்வலத்தில்?

டிரம்ஸை வரிசையின் நடுவே வையுங்கள். 30 மீட்டர் நீள வரிசையில் யாரும் 15 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க மாட்டார்கள், தாமதம் 44 மில்லிவினாடிக்குள் நிற்கும்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பார்வையாளர் உட்காரும் உயரத்தில் ஏறி நின்று பதிவு செய்யுங்கள். மைதானத்துக்குள் நின்று கேட்டால் சரியான வாசிப்பும் தப்பாகத்தான் கேட்கும். முதலில் வெறும் கைதட்டலோடு பதிவு செய்து பாருங்கள், அப்புறம் வாத்தியம். கைதட்டலில் எந்த மூலை பிந்துகிறது என்பது பளிச்சென்று கேட்கும்.