கூகுள் மேப் இருக்கும்போது ஜிஐஎஸ் எதற்கு? – மகளின் படிப்பை நினைத்துக் கவலைப்படும் ஓர் அம்மாவுக்கு

நீங்கள் கேட்டபடியே உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "மேப்புதான் எல்லார் போன்லயும் இருக்கே, அதைப் போய் வருஷக்கணக்கா படிச்சா இவளுக்கு யார் சார் வேலை கொடுப்பாங்க?" நியாயமான கேள்விதாங்க. மகளிடம் கேட்டதற்கு "சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்றாளாம். அப்படிப் புரியாத விஷயமெல்லாம் இல்லை, நான் சொல்லிப் பார்க்கிறேன்.

போனில் இருக்கும் மேப் யாரோ செய்து முடித்துக் கொடுத்தது. அதனிடம் வழி கேட்கலாம், பக்கத்தில் மருந்துக்கடை எங்கே என்று கேட்கலாம், ரோட்டில் நெரிசலா என்று கேட்கலாம், அதற்குமேல் அதோடு பேச ஒன்றும் இல்லை. உங்கள் மகள் சொல்லும் ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் முறைமை, அங்கே மேப் கடைசியில்தான் வருகிறது. முதலில் வருவது கேள்வி. ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஒரு நகரத்தின் நடுவே ஆறு ஓடுகிறது, ஆற்றிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள் எத்தனை, அவற்றில் தாழ்வான இடத்தில் இருப்பவை எவை, வெள்ளம் வந்தால் அந்தப் பள்ளிக்குப் போகிற ரோடு முதலில் மூழ்குமா, பள்ளி முதலில் மூழ்குமா?

இதைப் போன் மேப்பிடம் கேட்க முடியாது. ஜிஐஎஸ் மென்பொருளில் பள்ளிகளைப் புள்ளிகளாகவும், ஆற்றையும் ரோட்டையும் கோடுகளாகவும், வார்டு எல்லைகளை மூடிய வடிவங்களாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். லேயர் என்று இவர்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்வது இதைத்தான். புள்ளி, கோடு, வடிவம் மூன்றும் சேர்ந்தது வெக்டர். நில உயரமோ செயற்கைக்கோள் படமோ அப்படி வராது, சின்னச் சின்னக் கட்டங்களாக வரும், கட்டத்துக்கு ஓர் எண்; அது ராஸ்டர். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஓர் அட்டவணை ஒளிந்திருக்கும், பள்ளியின் பெயர், மாணவர் எண்ணிக்கை, கட்டிய வருஷம் என்று. இப்போது ஆற்றைச் சுற்றி 500 மீட்டருக்கு ஒரு பட்டை போடு (அதற்குப் பெயர் பஃபர்), பட்டைக்குள் விழும் பள்ளிகளை மட்டும் பொறுக்கு, ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் உயரத்தைப் படித்து அட்டவணையில் சேர், ரோட்டு வலைப்பின்னலில் மூழ்கும் துண்டுகளை வெட்டிவிட்டு மாற்று வழி தேடு. நான்கு கட்டளைகள்தான். எந்தக் கட்டளையை எந்த வரிசையில், எந்தத் தரவின்மேல் என்று தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

இங்கே ஒரு வேடிக்கை சொல்கிறேன். என்னிடம் வந்த மாணவர் ஒருவர் இதே பயிற்சியைச் செய்தார். 500 என்று அடித்தார், பட்டை உலக உருண்டையையே விழுங்கிவிட்டது. ஏன் தெரியுமா? அவருடைய தரவு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தது, இபிஎஸ்ஜி 4326 என்று எண் போட்டுச் சொல்வார்கள். அங்கே அளவு மீட்டர் இல்லை, பாகை. ஒரு பாகை அட்சரேகை என்றாலே ஏறக்குறைய 111 கிலோமீட்டர், இவர் கேட்டது 500 பாகை! மென்பொருள் பக்கத்திலேயே மஞ்சள் முக்கோணம் காட்டி எச்சரித்திருக்கிறது, இவர் கவனிக்கவில்லை. உலகத்தை 6 பாகைக்கு ஒன்றாக 60 மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் என்ற முறை உண்டு. தரவைத் தன் பகுதிக்குரிய மண்டலத்துக்கு மாற்றிக்கொண்டு செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை. உருண்டையான பூமியைத் தட்டையான மேப்பில் விரிக்கும் இந்தப் புரொஜெக்ஷன் சமாச்சாரம்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கசக்கும் இடம், இதைத் தாண்டியவர்கள் தேறிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்தது, காட்டுவது. கலர் அடிப்பதுதானே என்று நினைப்பீர்கள். பத்து ஊர்களில் ஒரு நோயால் பாதிக்கப்பட்டவர்கள் 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10, 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிர் சிவப்பிலிருந்து அடர் சிவப்பு வரை ஐந்து நிறங்களில் காட்ட வேண்டும். எண்களைச் சம இடைவெளியாகப் பிரித்தால் முதல் பிரிவு 2-இலிருந்து 21 சொச்சம் வரை போகும், ஒன்பது ஊரும் அதிலேயே அடங்கி வெளுத்துக் கிடக்கும், ஓர் ஊர் மட்டும் ரத்தச் சிவப்பில் நிற்கும். பிரிவுக்கு இரண்டு ஊர் என்று சம எண்ணிக்கையில் பிரித்தால் மேப் அழகாக, படிப்படியாக இருக்கும், ஆனால் 10 பேர் பாதித்த ஊரும் 100 பேர் பாதித்த ஊரும் ஒரே நிறம்! தரவு ஒன்றுதான், பொய்யும் யாரும் சொல்லவில்லை, பார்ப்பவர் மனதில் பதிவது மட்டும் தலைகீழ். அதோடு, 100 பேர் என்ற ஊரின் மக்கள்தொகையே மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிது என்றால் எண்ணிக்கையை வைத்து நிறம் கொடுப்பதே தப்பு, ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்துத்தான் காட்ட வேண்டும். மென்பொருளுக்கு இது தெரியாது. எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தாலும் மறு பேச்சில்லாமல் வரைந்து கொடுத்துவிடும்.

சரி, எந்த மென்பொருள்? பேர் அடிபடுவது இரண்டு. எஸ்ரி என்ற நிறுவனம் 1969-இல் தொடங்கியது, அவர்களுடைய ஆர்க்ஜிஐஎஸ் புரோ பெரிய நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் ஓடுவது, உரிமம் வாங்க வேண்டும். இன்னொன்று கியூஜிஐஎஸ், 2002-இல் கேரி ஷெர்மன் ஆரம்பித்தது, இன்று உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள், முழுக்க இலவசம். "இலவசம்னா மட்டமா இருக்குமோ?" என்று கேட்காதீர்கள். மேலே சொன்ன அத்தனையும் அதில் செய்யலாம். ஒன்றில் கை பழகினால் மற்றதற்கு மாறச் சில வாரங்கள் போதும், பட்டன் இருக்கும் இடம்தான் வேறு. ஆனால் ஒரு விஷயத்தைக் கறாராகப் பாருங்கள்: ஆர்க்மேப் என்று எஸ்ரியின் பழைய மென்பொருள் ஒன்று, அதற்கு 2026 மார்ச்சோடு ஆதரவை நிறுத்துவதாக எஸ்ரியே அறிவித்தது. சேரப்போகும் படிப்பின் பாடத்திட்டத்தில் இன்னும் ஆர்க்மேப்தான் இருக்கிறது என்றால் "எப்போது மாற்றப் போகிறீர்கள்?" என்று துறைத் தலைவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கட்டடத்தின்மேல் கோடு போட்டுக்கொண்டே இருப்பது, டிஜிட்டைசிங் என்பார்கள், இந்தத் துறைக்குள் நுழையும் பலருக்கும் கிடைக்கும் முதல் வேலை அதுதான். காலையிலிருந்து மாலைவரை சுட்டியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையை இப்போது கணினியே படத்தைப் படித்துச் செய்யத் தொடங்கிவிட்டது, மனிதர் சரிபார்க்க மட்டும் தேவைப்படுகிறார். ஆக "மூன்று மாதத்தில் மென்பொருள் சான்றிதழ்" என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பட்டன் தெரிந்தவருக்கு மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. கூடவே பைத்தான் என்ற நிரல்மொழி, இடத் தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற தரவுத்தளம், கொஞ்சம் புள்ளியியல், இவை இருந்தால் கதையே வேறு. குடிநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு என்று கம்பியும் குழாயும் பதிக்கிற அத்தனை பேருக்கும் இது வேண்டும், பேரிடர் மேலாண்மைக்கு வேண்டும், காப்பீடு, சரக்குப் போக்குவரத்து, வனம், வேளாண்மை எல்லாவற்றுக்கும் வேண்டும். பல இடங்களில் பதவியின் பெயரில் ஜிஐஎஸ் என்றே இருக்காது, தரவு ஆய்வாளர் என்றிருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் நாள் முழுக்க மேப்தான்.

"அதுக்குப் பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸே படிக்கட்டுமே" என்றும் கேட்டிருந்தீர்கள். படிக்கலாம், தப்பே இல்லை. இளநிலையில் ஜிஐஎஸ் மட்டும் என்று போவதைவிட, சிவில், புவியியல், சுற்றுச்சூழல், கணினி என்று ஏதாவது ஒன்றில் காலூன்றி, அதன்மேல் இதைக் கற்பதுதான் எனக்குப் பிடித்த வழி. வெள்ளத்தைப் பற்றித் தெரியாதவர் வெள்ள மேப் போட்டால் அது அந்த மாணவரின் 500 பாகைப் பட்டை மாதிரித்தான் முடியும்.

ஆனால் இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன்னால், அவளுக்கு இந்த வேலை உண்மையிலேயே பிடிக்குமா என்று பார்த்துவிடலாம். செலவே இல்லை. கியூஜிஐஎஸ் இறக்கிக்கொள்ளட்டும். தெருக்களுக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச மேப் இருக்கிறது. படத்துக்கு சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள்கள், கட்டத்துக்கு 10 மீட்டர் வரை நுணுக்கமாக, இலவசம். லேண்ட்சாட் என்ற இன்னொரு செயற்கைக்கோள் வரிசையின் படங்கள் 1972-இலிருந்து இருக்கின்றன, 2008-இலிருந்து அதன் சேமிப்பு முழுவதும் இலவசம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஏரியையும் இன்றைய ஏரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றால் யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதம் சனி, ஞாயிறு மட்டும் உட்காரட்டும், தானே ஒரு கேள்வி கேட்டு, தானே தரவு தேடி, ஒரே ஒரு மேப் முடிக்கட்டும்.

அதில் கட்டாயம் ஏதாவது கோளாறாகும், அதற்காகத்தான் செய்யச் சொல்கிறேன். அவள் போட்ட புள்ளிகளில் கொஞ்சம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் கடலுக்குள் போய் விழும். அட்டவணையில் காலியாக இருந்த இடங்களைக் கணினி 0, 0 என்று எடுத்துக்கொண்டால் அப்படி ஆகும், அந்த இடத்துக்கு நல் ஐலண்ட் (Null Island, 'வெறுமைத் தீவு') என்று கிண்டலாகப் பேரே வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். அதுவும் இல்லையென்றால் ஓர் ஊரின் பெயரை ஒரு அட்டவணையில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒட்டவே ஒட்டாது. இந்தத் துறையில் பாதி நேரம் இந்தத் துப்பறியும் வேலைதான். அப்போது அவள் முகத்தைப் பாருங்கள். எரிச்சலில் மடிக்கணினியை மூடிவிட்டு அடுத்த வாரமும் திறக்கவில்லை என்றால் நாம் வேறு படிப்பைப் பற்றிப் பேசலாம். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் "இரும்மா, கண்டுபிடிச்சிட்டேன்" என்று கத்தினால், பயப்படாமல் சேர்த்துவிடுங்கள்.

முடித்த மேப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன். ஓரத்தில் அளவுகோல் இருக்கிறதா, தரவு எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதியிருக்கிறாளா, நிறங்களை ஏன் அப்படிப் பிரித்தாள் என்று கேட்டால் பதில் வைத்திருக்கிறாளா, இவ்வளவுதான் பார்ப்பேன்.