லினக்ஸ் கெர்னலில் பலர் தொடும் லிஸ்ட்டைக் கடப்பது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் டிரைவரில் லிஸ்ட்டை (சுட்டிகளால் கோத்த உறுப்புகளின் சங்கிலியை) ஒவ்வொன்றாகக் கடக்க லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி_சேஃப் மேக்ரோவைத்தான் பயன்படுத்துகிறேன். இருந்தும் இரண்டு சிபியுக்கள் ஒரே நேரத்தில் ஓடினால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) விழுந்துவிடுகிறது. ஏன்?

பதில்: அந்த மேக்ரோ தரும் உறுதி மிகக் குறுகியது. சுற்றை நடத்தும் நிரல், கையிலுள்ள உறுப்பைத் தானே நீக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடுத்த உறுப்பின் முகவரியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதால்தான் அது முடிகிறது. அந்த அடுத்த உறுப்பையே இன்னொரு சிபியு நீக்கி நினைவகத்தை விடுவித்துவிட்டால், எடுத்து வைத்த முகவரியால் பயனில்லை. உங்கள் ஊப்ஸ் பதிவில் (கெர்னல் பிழையின்போது எழுதும் குறிப்பில்) ரெஜிஸ்டர் மதிப்புகளைப் பாருங்கள். 64 பிட் எக்ஸ்86 இயந்திரத்தில் ‘டெட்’ என்ற எழுத்துகளில் தொடங்கி 100 என்றோ 122 என்றோ முடியும் மதிப்பு தென்பட்டால், நீக்கப்பட்ட உறுப்பின் நெக்ஸ்ட், ப்ரிவ் சுட்டிகளில் உறுப்பை நீக்கும் லிஸ்ட்_டெல் எழுதிவைத்த நச்சு மதிப்பு (பிழை வெளிப்படட்டும் என்று வேண்டுமென்றே இடும் செல்லாத முகவரி) அது. சேஃப் என்பது பூட்டு அன்று.

கேள்வி: படிப்பவர்கள் மிகப் பலர், மாற்றுபவர் எப்போதோ ஒருவர். அப்போதும் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுழன்றபடி காத்திருக்கும் பூட்டு) வேண்டுமா?

பதில்: 2002 அக்டோபரில், 2.5.43 பதிப்பில், ஆர்சியு (படிப்பவர் பூட்டின்றிப் படிக்க, நீக்கியதைப் பின்னரே விடுவிக்கும் முறை) லினக்ஸுக்குள் வந்தது இத்தகைய நிலைமைக்காகத்தான். படிப்பவர் ஆர்சியு_ரீட்_லாக்கிற்குள் நின்று லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி_ஆர்சியு கொண்டு நடக்கிறார். மாற்றுபவர்கள் தங்களுக்குள் மோதாமலிருக்க ஸ்பின்லாக் தேவைதான், ஆனால் அது படிப்பவரைத் தடுப்பதில்லை. நீக்குவதற்கு லிஸ்ட்_டெல்_ஆர்சியு: இது ப்ரிவ் சுட்டியை மட்டும் நச்சாக்கி, நெக்ஸ்ட் சுட்டியைத் தொடாமல் விடுவதால், நீக்கப்பட்ட உறுப்பின்மேல் நின்றிருந்தவரும் அங்கிருந்து முன்னேறி லிஸ்ட்டின் தலைக்கு (சுற்று முடியும் இடத்துக்கு) வந்து சேர்ந்துவிடுவார். அதன்பின், முன்பே உள்ளே இருந்த வாசகர்கள் அனைவரும் வெளியேறும்வரை சிங்க்ரனைஸ்_ஆர்சியு மூலம் காத்திருந்து நினைவகத்தை விடுவிக்க வேண்டும். காத்திருக்க இயலாத இடத்தில் கேஃப்ரீ_ஆர்சியு போதும். வாசகர் பகுதிக்குள் உறங்கக் கூடாது (சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாது). உறங்கியே ஆகவேண்டுமென்றால் எஸ்ஆர்சியு என்ற ஆர்சியு வகை இருக்கிறது.

கேள்வி: தேடியது கிடைக்காமல் சுற்று முடிந்தபின் அந்தச் சுற்று மாறியைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அப்போது அது லிஸ்ட் தலையின் முகவரியிலிருந்து கணக்கிடப்பட்ட, எந்த உறுப்பையும் குறிக்காத சுட்டி. 2022இல் கெர்னல் 5.18 சி மொழியின் சி11 தரத்துக்கு மாறியதற்கு இப்பிழை குறித்த விவாதமே வித்திட்டது.

கேள்வி: சுற்றின் நடுவே பூட்டைத் திறந்து, உறங்கக்கூடிய ஒரு வேலையைச் செய்து, மீண்டும் பூட்டுகிறேன். நடப்பு உறுப்பை கேரெஃப்_கெட் செய்துவிடுகிறேன் (விடுவிக்கப்படாதபடி, அதைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையை ஏற்றுகிறேன்). இது போதும் அல்லவா?

பதில்: போதாது. நீங்கள் காத்தது நடப்பு உறுப்பை. சேஃப் மேக்ரோ நம்பியிருப்பது அடுத்ததை.

கேள்வி: ஆர்சியு லிஸ்ட்டில் நடக்கும்போது சேஃப் வகை மேக்ரோ வேண்டாமா?

பதில்: வேண்டாம், லிஸ்ட்_டெல்_ஆர்சியு நெக்ஸ்ட் சுட்டியை அழிப்பதில்லை என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நடுவில் பூட்டைத் திறப்பதாகச் சொன்னவன் நான்தான். அடுத்த உறுப்புக்கும் கேரெஃப் எடுத்துவிட்டால் வாதம் முடிந்தது. நினைவகம் எங்கும் போகாதே!

பதில்: நினைவகம் போகாது, ஆனால் அந்த உறுப்பு லிஸ்ட்டில் இல்லாமல் போயிருக்கலாம். உயிருடன் இருப்பது வேறு, இணைப்பில் இருப்பது வேறு. லிஸ்ட்_டெல் செய்திருந்தால் அடுத்த அடி நச்சு மதிப்பில் விழும். லிஸ்ட்_டெல்_இனிட் செய்திருந்தால் நெக்ஸ்ட் சுட்டி தன்னையே காட்டும். உங்கள் சுற்று தலையை ஒருபோதும் சந்திக்காமல், பூட்டைப் பிடித்தபடியே சுழன்றுகொண்டிருக்கும்.

கேள்வி: சேஃப் மேக்ரோவை மியூட்டெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டுக்குள்) போட்டால் பாதுகாப்புதானே?

பதில்: பாதுகாப்பு மியூட்டெக்ஸிலிருந்து வருகிறது, அதுவும் லிஸ்ட்டைத் தொடும் அனைவரும் அதையே பிடித்தால் மட்டும். முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் டிரைவரிலும் இதே விதிகளா?

பதில்: அது என் துறை அன்று, விண்டோஸ் டிரைவர் எழுதுவோரிடம் கேளுங்கள்.

கேள்வி: சரி, ஏற்கிறேன். பூட்டைத் திறக்காமல் முடியாது என்றால் எப்படித்தான் எழுதுவது?

பதில்: பூட்டைப் பிடித்து, லிஸ்ட்_ஸ்ப்ளைஸ்_இனிட் மூலம் எல்லா உறுப்புகளையும் உங்கள் தனி லிஸ்ட்டுக்கு மாற்றுங்கள். பின்னர் அது காலியாகும்வரை, பூட்டுக்குள் முதல் உறுப்பை எடுத்து, கேரெஃப் ஏற்றி, லிஸ்ட்_டெல்_இனிட் செய்து, பூட்டைத் திறந்து, வேலையை முடித்து, கேரெஃப்_புட் செய்து அந்த எண்ணிக்கையை இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் தலையிலிருந்தே எடுப்பதால் பழைய முகவரி எதையும் நம்ப வேண்டியதில்லை. வேறொருவர் இடையில் ஓர் உறுப்பை நீக்கினாலும், அவரும் அதே பூட்டைப் பிடித்து லிஸ்ட்_டெல்_இனிட் செய்யும்வரை கேடில்லை. ஆர்சியு வாசகர்கள் நடக்கும் லிஸ்ட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்: உறுப்பு வேறு லிஸ்ட்டுக்கு மாறினால், அதன்மேல் நின்ற வாசகர் தன் தலையைக் காணவே மாட்டார்.