‘பொறந்தோம், நட்டோம், அறுத்தோம்’: வாசகர் கேள்வி, பதில்

சென்ற மாதம் என் அப்பா நெல் அளந்த மரக்காலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊரில் இருக்கும் வயதானவர்களைப் பற்றியவை. அதனால் இந்த முறை உரம், பூச்சி பற்றிய கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். நான் எழுத்தாளன் கிடையாது. வேளாண்மைத் துறையில் 31 வருஷம் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஊர்களில் சைக்கிளிலும் அப்புறம் மொபெட்டிலும் சுற்றியவன். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

*

கேள்வி: என் அப்பாயிக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் கிராமம். முட்டி ஒத்துழைத்தவரை நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். பொங்கலுக்குப் போனபோது நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்து, “உன் வாழ்க்கையைச் சொல்லு அப்பாயி” என்றேன். “என்னத்தச் சொல்றது? பொறந்தோம், நட்டோம், அறுத்தோம், பெத்தோம், இந்தா கெடக்கறோம்” என்று முடித்துவிட்டார். இதற்கு மேல் எப்படிக் கேட்பது ஐயா?
வாசகி, சென்னை

பதில்: அப்பாயி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேள்விதான் சரியில்லை. ‘வாழ்க்கை’ என்பது மேடையில் பேசுகிறவர்களின் சொல். அப்பாயிக்கு அது இல்லை, வேலைதான் இருந்தது. வேலையைக் கேளுங்கள்.

நடவு அன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்? நாற்றுமுடியை யார் தூக்கிப் போடுவார்கள்? வரிசையில் உன் பக்கத்தில் யார் நிற்பார்கள்? கைப்பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவாய்? கடைசிக் கேள்விக்குப் பதில் சீக்கிரம் வராது. பேசாமல் இருங்கள். நீங்களே இன்னொரு கேள்வியைப் போட்டு அந்த மௌனத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு ஆத்தாவிடம் ஏதோ அலுவலகப் படிவத்துக்காக, “ஒரு மா நடவுக்கு எத்தனை ஆள் ஆத்தா?” என்று கேட்டேன் (மா என்பது நில அளவு, கணக்கு கீழே வருகிறது). எண்ணைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். பையை எடுத்துக் கிளம்பும்போது, “எங்க மூத்தவன் பொறந்த வருஷம் மட்டும் ஒரு ஆள் கூட ஆச்சு” என்றார். ஏன் என்றேன். “நான் பாதி ஆள்தானே அப்ப.” வரப்போரத்துப் பூவரசு மரத்தில் தூளி. பிள்ளை அழும்போதெல்லாம் சேற்றிலிருந்து ஏறிப் போவார். ஏறி இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அவர் வரிசையையும் சேர்த்து நட்டார்கள். மாலையில் கூலி மட்டும் அவருக்குப் பாதி. அந்த மூத்தவன் மூன்றாவது வயதில் போய்விட்டான். இவ்வளவும் ஒரு படிவத்தின் ஒரு கட்டத்துக்காகக் கேட்ட கேள்வியில் வந்தது. அவர் வாழ்க்கையைக் கேட்டிருந்தால் என்னையும் ‘இந்தா கெடக்கறோம்’ என்றுதான் அனுப்பியிருப்பார்.

பொருளைக் கையில் கொடுத்தும் கேட்கலாம். எரவாணத்தில் செருகின கருக்கரிவாள் இன்னும் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். வாங்கின உடனே பிடியைச் சரிபார்ப்பார் பாருங்கள். அறுப்பு அறுத்தவர்களின் இடது கை விரல்களில், முக்கியமாகச் சுண்டுவிரலில், பழைய வெட்டுத் தழும்பு இருக்கும். அது எந்த வயலில் பட்டது என்று கேளுங்கள். வயலுக்கு வயல் பெயர் உண்டு என்பதும், அந்தப் பெயரெல்லாம் பட்டாவில் இல்லை என்பதும் அப்போது தெரியும்.

அப்புறம் நெல். உங்களூர்ப் பக்கம் என்பதால் கேட்கிறேன்: ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, 2018 டிசம்பரில் காலமான நெல் ஜெயராமனைத் தெரிந்திருக்குமே. விவசாயிகளிடமிருந்து 170-க்கும் மேற்பட்ட பழைய ரகங்களைத் தேடிச் சேர்த்தவர். அப்பாயியிடம் பூங்கார், குள்ளக்கார், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், ஒட்டடையான் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பாருங்கள். எதை நட்டால் இடுப்பு அதிகம் வலிக்கும், எதன் வைக்கோல் கூரைக்கு ஆகும், எதன் கஞ்சி மத்தியானம் வரை தாங்கும் என்று அவர் சொல்வதை நான் படித்த எந்தத் துறைக் கையேட்டிலும் பார்த்ததில்லை. (இந்த ரகங்களை விட்டுவிடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்வதுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வேலை. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அவர் பேசும்போது கணக்குப் புரியாமல் குறுக்கே குறுக்கே கேட்காமலிருக்க இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 3 மா ஏறக்குறைய 1 ஏக்கர், 20 மா 1 வேலி. 12 மரக்கால் 1 கலம், 2 கலம் 1 மூட்டை.

*

கேள்வி: தாத்தாவின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி 1.1.1940 என்று இருக்கிறது. “அது அந்த கம்ப்யூட்டர் பொண்ணு தட்டுனது, எங்கம்மா பெத்தது வேற தேதி” என்கிறார். உண்மையான வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
வாசகர், கும்பகோணம்

பதில்: ஊரில் பாதிப் பேர் ஜனவரி முதல் தேதியில்தான் பிறந்திருக்கிறார்கள்! தேதி கிடைக்காது. ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தமிழ் வருஷப் பெயர் தெரியுமா என்று பாருங்கள். அம்மாவோ அத்தையோ சொல்லிக் காதில் விழுந்திருக்கும். தாது என்றால் 1936-37. விக்கிரம என்றால் 1940-41. சுபானு என்றால் 1943-44. அதே பெயர் திரும்பிவர 60 வருஷம் ஆகும் என்பதால் குழப்பமே வராது.

பெயர் தெரியவில்லையா, புயலைக் கேளுங்கள். 30.11.1952 அன்று நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலை நம் பக்கத்தில் அப்போது நினைவு தெரிந்த வயதில் இருந்த யாரும் மறக்கவில்லை. ஆனால் “அப்ப உனக்கு என்ன வயசு?” என்று கேட்டால் பயனில்லை, தெரிந்தால்தான் சொல்லியிருப்பாரே. “அன்னைக்கு ராத்திரி உன்னை யார் தூக்கிக்கிட்டு ஓடினா, இல்லை நீ யாரைத் தூக்கிக்கிட்டு ஓடின?” என்று கேளுங்கள். தூக்கப்பட்டவர் என்றால் ஐந்துக்குள். தம்பியையோ ஆட்டுக்குட்டியையோ தூக்கியவர் என்றால் எட்டு, பத்து. நெல்மூட்டையைப் பரண்மேல் ஏற்றியவர் என்றால் பதினைந்தைத் தாண்டியவர். ஒரு எச்சரிக்கை: 1955 கடைசியிலும் ஒரு புயல் வந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே ராத்திரியாகச் சொல்பவர்கள் உண்டு. 1977 நவம்பர் 12-ஐ யாரும் குழப்பிக்கொள்வதில்லை, அப்போது கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி எல்லாம் இருக்குமே.

முதல் கூலியைக் காசாக வாங்கியிருந்தால் அது அணாவா, நயா பைசாவா? நயா பைசா 1957 ஏப்ரல் முதல் தேதி வந்தது. நீங்கள் கும்பகோணம், உங்களுக்கு மகாமகம் இருக்கவே இருக்கிறது: 1956, 1968, 1980, 1992. எந்த மகாமகத்துக்கு யார் தோளில் உட்கார்ந்து போனார், எதற்கு யாரைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்? ஆடுதுறை 27 முதலில் விதைத்தபோது வீட்டில் யார் யார் இருந்தார்கள்? அது 1960-களின் நடுவில் வந்த ரகம். 1980 நவம்பரில் மணியக்காரர், கணக்குப்பிள்ளை வேலைகளை அரசு ஒழித்தபோது தாத்தா யாருக்காக வருத்தப்பட்டார், அல்லது யாருக்காகச் சந்தோஷப்பட்டார்?

நான் இப்படி ஒருவருக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1944 என்று வந்தது. அட்டையில் 1938. ஆறு வயது குறைந்துவிட்டதில் மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்ப அவளைவிட நான் சின்னவனாடா?” என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா முறைத்த முறைப்பில் நோட்டை மூடிவிட்டேன். உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் அவர் இல்லாத நேரத்தில் கணக்குப் போடுங்கள். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் என்றால் ஆதார் தேதியில் கைவைக்க வேண்டாம், இது உங்கள் நோட்டுக்கு மட்டும்.

*

கேள்வி: போனை நீட்டினாலே அம்மாச்சி பேச்சை நிறுத்திவிடுகிறார். தெரியாமல் பதிவு செய்யலாமா?
வாசகர், மன்னார்குடி

பதில்: கூடாது. சொல்லிவிட்டே செய்யுங்கள். வீடியோ வேண்டாம், குரல் போதும். முகத்துக்கு நேராக நீட்டாமல் பக்கத்தில் முறத்தில் வைத்துவிடுங்கள். முறத்தில் கீரையோ மொச்சையோ இருக்கட்டும், ஆய்ந்துகொண்டே உரித்துக்கொண்டே பேசுவார். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலில் ஊர், தேதி, அவர் பெயர் சொல்லுங்கள். அன்றைக்கே இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

*

கேள்வி: பெரியப்பா ஒரு மாவில் கண்டுமுதல் (விளைச்சல்) இத்தனை மூட்டை என்கிறார். அடுத்த தடவை கேட்டால் ஒரு மூட்டை கூடுகிறது. எதை எழுதுவது?
வாசகி, திருச்சி

பதில்: இரண்டையும் எழுதுங்கள், சொன்ன தேதியோடு. கூடவே யார் எதிரில் சொன்னார் என்றும் எழுதுங்கள். சம்பந்தி உட்கார்ந்திருந்தால் இரண்டு மூட்டை கழித்துக்கொள்ளலாம்.

*

கேள்வி: எங்கள் பாட்டி ஒரு பண்ணையில் பண்ணையாளாக இருந்த குடும்பம். கூலி அளந்த விதம், வாசலில் நிற்க வைத்தது, அடி வாங்கியது எல்லாம் சொல்கிறார். சொல்லும்போது அழுகிறார். அப்பாவோ, “இதையெல்லாம் எழுதி வைக்காதே, நாளைக்கு நம்ம பிள்ளைங்க படிச்சா கேவலம்” என்கிறார். எழுதலாமா, வேண்டாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அப்பாவையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம். பாட்டியைக் கேளுங்கள். அது அவர் பட்டது. எழுது என்றால் எழுதுங்கள். நான் போனதுக்கு அப்புறம் எழுது என்றால் அப்படியே செய்யுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அழும்போது தூண்டித் துருவ வேண்டாம், பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள்.

அப்பாவின் பேச்சில் எனக்கு ஒன்று மட்டும் ஒப்பவில்லை. கேவலம் என்கிறாரே, யாருக்கு? வாங்கும்போது பெரிய மரக்கால், கூலி அளக்கும்போது சின்ன மரக்கால் வைத்திருந்த வீட்டைப் பற்றிக் கிழக்குத் தஞ்சையில் எத்தனையோ வயதானவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள்தானே கூச்சப்பட வேண்டும்? பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952-ல் சென்னை அரசு அவசரச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதற்கப்புறமும் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்தச் சட்டத்தையும் அந்த வழக்கையும் பற்றிக் காகிதம் நிறைய இருக்கிறது. உங்கள் பாட்டி எந்த வாசலில், எந்தப் படிக்குக் கீழே, எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவர் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று. அவர் சிரித்துக்கொண்டு சொல்வதையும் எழுதுங்கள். பண்ணைக்காரரின் மாட்டுக்கு அந்தப் பெண்கள் என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், நடவு வரிசையில் யார் காதில் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதும் அதே நாளில் நடந்ததுதான்.

*

கேள்வி: தாத்தா போன ஆவணியில் இறந்துவிட்டார். ஒரு வார்த்தைகூடப் பதிவு செய்யவில்லை. இனி என்ன செய்ய முடியும்?
வாசகர், பேராவூரணி

பதில்: உங்களைவிட மோசமானவன் ஒருவன் இருக்கிறான். 1989-ல் டேப்ரெக்கார்டர் வாங்கின புதிதில் அப்பா களத்தில் நெல் அளப்பதைப் பதிவு செய்தேன். அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள், அடுத்ததுதான் ‘ரெண்டு’. அப்பா அதை ஒரு மாதிரி இழுத்துப் பாடுவார். கேசட்டில் பெயர் எழுதவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து நானே அதன்மேல் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டேன். பாட்டெல்லாம் முடிந்து கடைசியில் கொஞ்சம் மீதி இருக்கிறது: “பதினொண்ணு… பன்னெண்டு… கலம் ஒண்ணு.” அவ்வளவுதான். ‘லாபம்’ போய்விட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவோடு ஏர் ஓட்டியவர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரர், அவரோடு வரப்புத் தகராறு செய்தவர் யாராவது இருப்பார்கள். தகராறு செய்தவரிடம் முதலில் போங்கள், அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். உங்கள் பக்கம் 2018 கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்ததே, எந்த மரத்தைத் தாத்தா எந்த வருஷம் வைத்தார், எது விழுந்தபோது திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார் என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

பரணில் கூட்டுறவுக் கடன் புத்தகம், பழைய நோட்டு ஏதாவது கிடக்கும். பழைய பஞ்சாங்கம் இருந்தால் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள், ஓரத்தில் பென்சிலால் எழுதுகிற பழக்கம் அந்தக் காலத்து ஆட்களுக்கு உண்டு. அப்பாவின் 1974 பஞ்சாங்கம் என்னிடம் இருக்கிறது. ஆனந்த வருஷம். ஐப்பசிப் பக்கத்து ஓரத்தில் மூன்று வரி: “செவலை கன்னு போட்டது, கிடாரி. மழை இல்லை. அம்மா கஞ்சி குடிச்சா.” என் பாட்டி படுத்த படுக்கையாக இருந்த மாதம் அது. அடுத்த நாலு பக்கத்து ஓரத்திலும் மழையைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறார்.