முட்டைக்கோழி ரெண்டு நாளா தீனி எடுக்கல, இறகை சிலிர்த்துக்கிட்டு ஓரமா நிக்குது, என்ன பண்றது?

ரெண்டு நாள்னா முதல்ல தீனிய விடுங்க, தண்ணி குடிக்குதான்னு பாருங்க. முட்டையில முக்கால்வாசி தண்ணிதான், நல்லா இருக்கிற கோழி தின்ற தீனிய போல ரெண்டு மடங்கு தண்ணி குடிக்கும், அது நின்னாதான் கோழி சீக்கிரம் விழும். மத்த கோழிங்ககிட்ட இருந்து உடனே பிரிச்சு காத்து நேரா அடிக்காத இடத்துல ஒரு பெட்டியில வைங்க, குளிரா இருந்தா ஒரு பக்கம் மட்டும் பல்பு போடுங்க, சூடு அதிகமானா அதுவே நகர்ந்துக்க இடம் வேணும்.

தயவுசெஞ்சு வாயத் தொறந்து சிரிஞ்சுல எதையும் ஊத்தாதீங்க. நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழாய் வாய் இருக்கு, தண்ணி அதுக்குள்ள போயிடும். என் முதல் கோழி அப்படித்தான் என் கையிலயே போச்சு, பசியில கெடக்கேன்னு பதறி ஊத்தினேன், இன்னைக்கும் மனசு ஆறல. அலகோட ஓரத்துல ஒரு சொட்டு வைங்க, அதுவா முழுங்கினதும் அடுத்த சொட்டு.

அப்புறம் இரைப்பை, அதான் கழுத்துக்குக் கீழ நெஞ்சுல பொடைச்சுக்கிட்டு தெரியுமே அது. ராத்திரி தொட்டுப் பாருங்க, காலையில தீனி வைக்கிறதுக்கு முன்னாடி திரும்பத் தொட்டுப் பாருங்க. நல்ல கோழிக்கு விடியுறப்போ அது காலியா இருக்கும். அப்பவும் கல்லு மாதிரி கெட்டியா இருந்தா அடைப்பு, தண்ணி பலூன் மாதிரி தளதளன்னு இருந்து வாயில புளிச்ச வாடை வந்தா உள்ள புளிச்சுப் போயிருக்கு. தலைகீழா புடிச்சு வாந்தி எடுக்க வைக்கச் சொல்லுவாங்க, அது வேணவே வேணாம், அதுவும் மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். என்னோட இன்னொரு கோழிக்கு காலையில எலுமிச்சம்பழம் சைசுக்கு கெட்டியா உருண்டை தட்டுப்பட்டுச்சு, கால்நடை டாக்டர் இரைப்பையத் தொறந்தா நீள நீளமா காஞ்ச புல்லு, கயிறு முறுக்கின மாதிரி சிக்கிக்கிட்டு கெடந்துச்சு! எவ்வளவு நல்ல தீனி வச்சிருந்தாலும் எங்க போயிருக்கும்? அது பொழைச்சுக்கிச்சு, கொஞ்ச நாள்ல முட்டையும் வச்சது.

இரைப்பை சரியா இருக்கு, ஆனா வால தொங்கப் போட்டுக்கிட்டு நிமிந்து நின்னு முக்குதுன்னா முட்டை சிக்கியிருக்கலாம். கை பொறுக்குற சூட்டுல தண்ணி வச்சு அடிவயிறு முங்குற மாதிரி 15, 20 நிமிஷம் உக்கார வைங்க, நல்லா தொடைச்சு இருட்டான இடத்துல விடுங்க. வயித்த அமுக்காதீங்க, உள்ள முட்டை உடைஞ்சா கோழிய காப்பாத்துறது கஷ்டம். அன்னைக்கே வரலன்னா டாக்டர்தான்.

எச்சத்தையும் பாருங்க. பச்சையா இருந்தா உடனே வெள்ளைக்கழிச்சல்னு, அதான் கோழிக்கு கோழி பரவுற ராணிக்கெட் நோய்னு, பயந்துடாதீங்க, வெறும் வயித்துல இருக்கிற கோழிக்கு பித்தம்தான் அப்படி பச்சையா எறங்கும். ஆனா கழுத்து திருகுது, மூச்சுக்கு வாயத் தொறக்குது, அடுத்தடுத்த கோழியும் சுருளுதுன்னா காத்திருக்காதீங்க, வெள்ளைக்கழிச்சலுக்கு தடுப்பூசி உண்டு, வந்தப்புறம் கொடுக்க மருந்து கிடையாது. எச்சத்துல ரத்தம் இருந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. திடீர்னு கொத்துக்கொத்தா செத்தா கால்நடைத் துறைக்கு சொல்லிடுங்க, செத்த கோழிய வெறுங்கையால தொடாதீங்க.

பக்கத்துல யாரோ சொன்னாங்கன்னு ஆன்டிபயாட்டிக் கலந்து வைக்காதீங்க, எதுக்குன்னு தெரியாம கொடுத்தா பலன் இல்ல, அந்த முட்டைய எத்தனை நாள் சாப்பிடக்கூடாதுன்னும் டாக்டர்தான் சொல்லணும். காலையில இரைப்பை எப்படி இருந்துச்சு, எச்சம் என்ன நிறம்னு இங்கயே எழுதுங்க, நான் பாக்குறேன்.