திட்டினால் திருந்துவார்களா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி இருந்தன: மைதானத்திலும் பணியிடத்திலும் ஒருவரை எப்படிப் பழக்குவது, அவருடைய ஊக்கம் குன்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி வாலிபால் அணிக்கு நான்தான் பயிற்சி தருகிறேன். மோசமாக ஆடிய பிள்ளைகளை நன்றாகத் திட்டிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் தேறிவிடுகிறார்கள். பாராட்டினாலோ அடுத்த ஆட்டத்தில் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அடியாத மாடு படியாது என்பது சரிதானே?
*– உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்*

நீங்கள் கண்ணால் கண்டது உண்மைதான்; அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் சரியில்லை. 1960களில் இஸ்ரேலிய விமானப்படையில் விமானிகளுக்குப் பயிற்சி தந்த அதிகாரி ஒருவர், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனிடம் இதையேதான் அடித்துச் சொன்னார். வானில் அழகாகச் சாகசம் செய்தவனைப் பாராட்டினால் மறுமுறை சொதப்புகிறான் என்றும், சொதப்பியவனைக் கத்தினால் மறுமுறை நன்றாகச் செய்கிறான் என்றும் அவர் வாதிட்டார். கானமன் உடனே தரையில் சாக்பீஸால் ஒரு குறி வரைந்து, அங்கிருந்த அதிகாரிகள் ஒவ்வொருவரையும் அதற்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல் இரண்டு முறை நாணயம் எறியச் சொன்னார். முதல் முறை குறிக்கு மிக அருகில் எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை விலகிப் போனார்கள். முதல் முறை தூரத்தில் எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை நெருங்கி வந்தார்கள். அவர்களை யாரும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருக்கே உரிய ஒரு சராசரி உண்டு. மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சாதாரண நாளாகவே அமையும். மிகச் சிறப்பான நாளுக்கு அடுத்த நாளும் அப்படித்தான். மோசமான நாளில் மட்டுமே நாம் திட்டுகிறோம் என்பதால், தானாக நிகழும் மீட்சியைத் திட்டின் பலன் என்று எண்ணிக்கொள்கிறோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பிள்ளையும் போட்ட சர்வீஸ்களில் எத்தனை வலையில் விழுந்தன என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் குறித்துக்கொண்டு வாருங்கள். மோசமாக ஆடிய நாட்களில் சில முறை ஒன்றும் சொல்லாமல் விட்டுப் பாருங்கள். அப்போதும் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்புவதை நீங்களே காண்பீர்கள்.

அந்த நோட்டில் ஏறாத சேதம் ஒன்றும் உண்டு. திட்டுக்கு அஞ்சும் பிள்ளை, தாவி அடிக்க வேண்டிய சர்வீஸைப் பத்திரமாகத் தட்டிப் போடும்; தன் பக்கம் வரும் பந்தைப் பக்கத்தில் நிற்பவர் எடுக்கட்டும் என்று அரை அடி பின்வாங்கும். அந்தப் பழமொழியைப் பிள்ளைகள் விஷயத்தில் கைவிட்டுவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சிறுவர்களுக்குக் கிரிக்கெட் சொல்லித் தருகிறேன். எனக்கு உணர்ச்சி பொங்கப் பேச வராது. பெரிய பயிற்சியாளர்கள் வீரர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள்?
*– வாசகர், மதுரை*

உங்களுக்கு ஆறுதல் தரும் ஒரு பதிவு இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் யு.சி.எல்.ஏ. அணியை 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில் 10 முறை தேசிய சாம்பியனாக்கியவர் ஜான் வுடன். அவருடைய கடைசிப் பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்னும் இரு ஆய்வாளர்கள் 15 பயிற்சி வேளைகளில் அருகிலேயே அமர்ந்து, அவர் வீரர்களிடம் சொன்னதையும் செய்துகாட்டியதையும் ஒன்றுவிடாமல் வகைப்படுத்திக் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள் சேர்ந்தன. அவற்றில் ஏறத்தாழப் பாதி, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற வெறும் அறிவுறுத்தல். பாராட்டு சுமார் 7 விழுக்காடுதான். வெறும் கண்டிப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். நீண்ட சொற்பொழிவு எதுவும் அதில் இல்லை.

தவறு நேர்ந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, சரியான முறையைச் செய்துகாட்டுவார்; அடுத்து அந்த வீரர் செய்த விதத்தைச் செய்துகாட்டுவார்; மறுபடியும் சரியான முறையைக் காட்டுவார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். பருவத்தின் தொடக்கத்தில் காலுறையைச் சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டு ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டும் முறையைக்கூட அவர் சொல்லித்தந்தார். சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி கெடும் என்பதே காரணம். உங்கள் மாணவன் கவர் டிரைவில் தலையைச் சாய்க்கிறான் என்றால், “கவனமா ஆடு” என்று பத்து முறை சொல்வதைவிட, “முன்காலை எடுத்து வைக்கும்போது தலையும் பந்தை நோக்கிப் போகட்டும்” என்று ஒரு முறை சொல்லிச் செய்துகாட்டுவது அவனுக்கு உதவும். அதைச் செய்வதற்குப் பேச்சுத்திறன் தேவையில்லை, பார்க்கும் கண் இருந்தால் போதும்.

கண்டிப்பே கூடாது என்கிறீர்களா? ரியோ ஒலிம்பிக்குக்கு முன்பு பேட்மிண்டன் பயிற்சியாளர் கோபிசந்த், சிந்துவின் செல்போனையே வாங்கி வைத்துக்கொண்டாரே?
*– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு. 2016இல் புல்லேலா கோபிசந்த் ஏறக்குறைய மூன்று மாதம் அந்தக் கைப்பேசியைத் தராமல் வைத்திருந்தார்; ஐஸ்கிரீமுக்கும் தடை போட்டார். வெள்ளிப் பதக்கம் வென்ற பிறகு இரண்டும் திரும்பக் கிடைத்தன. அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நோக்கமும் ஒரு முடிவு நாளும் இருந்தன என்பதைக் கவனியுங்கள். அதைவிட, ஆடுகளத்தில் குரலெழுப்பக் கூச்சப்பட்ட சிந்துவை, ஐதராபாத் அகாடமியில் மற்றவர்கள் பார்க்க நின்று உரக்கக் கத்தச் சொல்லிப் பழக்கினாரே, அதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அது கடினமான கோரிக்கைதான். ஆனால் “உன்னால் முடியும்” என்ற நம்பிக்கை உள்ளவர் மட்டுமே அப்படிக் கோர முடியும். விடியுமுன்பே களத்துக்கு வந்து நிற்பவரும், 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தைத் தாமே வென்றவருமான ஒருவர் கேட்கும்போது அதற்கு எடை கூடுகிறது. தாம் தாமதமாக வந்துகொண்டு பிள்ளைகளுக்கு மட்டும் ஒழுங்கு கற்பிப்பவரின் கண்டிப்பை இதோடு சேர்க்க வேண்டாம்.

பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். டார்கெட்டைத் தாண்டினால் ஊக்கத்தொகை என்று அறிவித்தோம். முதல் மாதம் நல்ல வேகம். பிறகு பழையபடி ஆகிவிட்டது, தையல் பிழையும் கூடிவிட்டது. தொகையை உயர்த்தலாமா?
*– வாசகர், திருப்பூர்*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செய்த வேலைக்கு உரிய கூலி நேரத்தில் கைக்கு வராத இடத்தில் ஊக்கம் பற்றிப் பேசுவது அநியாயம். அந்த அடிப்படை சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

பணம் வேலை செய்யும். ஆனால் எதை எண்ணிப் பணம் தருகிறோமோ அதை மட்டுமே கூட்டித் தரும். நீங்கள் எண்ணியது பீஸ் கணக்கை. அதனால் பீஸ் ஏறியது, தையல் கெட்டது. டெய்லர்கள் மேல் குற்றம் இல்லை. எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றையும் நினைவில் கொள்ளுங்கள். புதிர்க் கட்டைகளை விரும்பி அடுக்கிக்கொண்டிருந்த மாணவர்களுக்கு, அடுக்கியதற்குக் காசு கொடுத்துப் பிறகு நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தக் கட்டைகளைத் தொடுவது குறைந்தது. தையல் வேலை பொழுதுபோக்கு அல்ல என்பதால் அதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் தன் கைவேலையில் பெருமை உள்ள மூத்த டெய்லர் ஒருவரைக் கணக்குப் பார்ப்பவராக மட்டும் மாற்றிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

உங்கள் நிலைமைக்கு நெருக்கமான சான்று, கேரி லேதம் 1975இல் எழுதிய மர லாரிகளின் கதை. ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் ஓட்டுநர்கள், சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 விழுக்காடு மட்டுமே ஏற்றி வந்தார்கள். “முடிந்தவரை ஏற்றுங்கள்” என்று சொல்வதை விடுத்து, 94 விழுக்காடு என்று திட்டமான இலக்கு வைத்தார்கள். எட்டினால் பரிசும் இல்லை, தவறினால் தண்டனையும் இல்லை என்று உறுதி தந்தார்கள். சில மாதங்களில் ஏற்றும் எடை 90 விழுக்காட்டைத் தொட்டு அங்கேயே நிலைத்தது. ஏறிய எடையைச் சரியாகக் கணிப்பதற்காக லாரியில் என்னென்ன மாற்றம் வேண்டும் என்று ஓட்டுநர்களே யோசனை சொன்னார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிச் செய்திதான்.

எனவே தொகையை உயர்த்துவதற்கு முன்பு, ஒரு வேலை நாளில் லைன் எங்கெங்கே நிற்கிறது என்று டெய்லர்களிடம் கேளுங்கள். கட்டிங் துணி வரத் தாமதமா, ஓவர்லாக் மெஷினில் நூல் அறுகிறதா, மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். பிழையில்லாத பீஸ் எத்தனை என்பதையே இலக்காக வைத்து, அதை மணிக்கு மணி அவர்கள் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள். அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்யுங்கள்.

மகளுக்கு 11 வயது. ஆசையாகச் சேர்ந்த நீச்சல் வகுப்புக்கு இப்போது போக மாட்டேன் என்கிறாள். பயிற்சியாளர் கெட்டிக்காரர், ஆனால் கடுகடுப்பானவர். வற்புறுத்தி அனுப்பலாமா?
*– வாசகி, ஈரோடு*

வற்புறுத்த வேண்டாம், பயிற்சியாளரிடம் பேசுங்கள். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்கள் சிலருக்கு, முயற்சியைக் கண்டு பாராட்டவும், தவறினால் தைரியம் சொல்லித் திருத்தவும் இரண்டரை மணி நேர வகுப்பு ஒன்று நடத்தினார்கள். அவர்களிடம் ஆடிய சிறுவர்களில் அடுத்த ஆண்டு விலகியவர்கள் 5 விழுக்காடு. மற்றப் பயிற்சியாளர்களிடம் ஆடியவர்களில் 26 விழுக்காடு. இரு தரப்பு அணிகளின் வெற்றி தோல்விகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பார்னெட், ஸ்மோல், ஸ்மித் ஆகியோர் 1992இல் இதை வெளியிட்டார்கள். அன்பாக நடத்தினால் பிள்ளைகள் தோற்றுப்போவார்கள் என்று அவர் சொன்னால், இதைக் காட்டுங்கள். அவர் மாறவில்லை என்றால் குளத்தை மாற்றுங்கள். நீச்சலை விட்டுவிட வேண்டாம்.

மென்பொருள் நிறுவனத்தில் முதல் முறையாக ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கிறேன். ஆண்டு மதிப்பீட்டில் குறைகளை எப்படிச் சொல்வது?
*– வாசகி, சென்னை*

ஆண்டு முடியும்வரை சேர்த்துவைத்துச் சொல்லாமல் இருப்பதே முதல் படி. கருத்துரை தருவது பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளை 1996இல் தொகுத்த க்லூகரும் டெனிசியும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் கருத்துரைக்குப் பின் வேலை முன்பைவிட மோசமானதைக் கண்டார்கள். கவனம் வேலையிலிருந்து விலகி ஆளின் மேல் திரும்பும்போது இப்படி நேர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். “நீங்கள் பொறுப்பில்லாதவர்” என்று கேட்டவர், தாம் எப்படிப்பட்டவர் என்று மனத்துக்குள் வழக்காடத் தொடங்கிவிடுவார்; அங்கே வேலை காணாமல் போகிறது. “செவ்வாய்க்கிழமை அனுப்பிய கணினி நிரலில் இந்தச் சோதனை விடுபட்டிருந்தது, அடுத்த முறை அனுப்புவதற்கு முன்பு இதை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்” என்றால் செய்வதற்கு ஒன்று கையில் கிடைக்கிறது.

அதை அந்த வாரமே, தனியாக, ஒரு நேரத்தில் ஒரு குறையாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, அதைச் செய்ய உங்களிடமிருந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். முதல் முறை “ஒன்றும் வேண்டாம்” என்பார்கள். மூன்றாம், நான்காம் முறை கேட்கும்போதுதான், வேலைக்கு ஒதுக்கிய நாட்கள் போதவில்லை என்பது போன்ற உண்மையான காரணம் வெளியே வரும். அது உங்கள் திட்டமிடலில் உள்ள குறையாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் அந்த ஆண்டு மதிப்பீட்டில் அதை அவருடைய கணக்கில் எழுதாதீர்கள்.