கானல்வரி இருக்க ஏன் இந்தக் கேள்வி?

கேள்வி: அமெரிக்காவின் ‘பீச் பாய்ஸ்’ குழுவினர் பாடியது போலக் கோடையையும் கடற்கரையையும் கொண்டாடும் பாட்டு தமிழில் ஒன்றுகூட இல்லையே? எங்கள் கல்லூரிக் கோடை விழாவுக்கு ஆங்கிலப் பாட்டுகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. தமிழனுக்குக் கடலை ரசிக்கத் தெரியாதா?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: ஒன்றுகூட இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியாது. சிலப்பதிகாரத்தின் ஏழாவது பகுதியான கானல்வரி முழுக்க முழுக்கக் கடற்கரைப் பாட்டுதான். சித்திரை முழுநிலவில் தொடங்கிய இந்திர விழா முடிந்த வேளையில், புகார்க் கடற்கரையில், புன்னை நிழலில் ஓவியத் திரை சூழ அமர்ந்து, மாதவி சுருதி கூட்டித் தந்த யாழை வாங்கிக் கோவலன் பாடுகிறான். அவன் பாட்டில் வேறொருத்தியின் நினைவு இருப்பதாக மாதவி எண்ணியதும், அவளும் வேறொருவனை நினைத்தவள் போல எதிர்ப்பாட்டுப் பாடியதும், அவன் அவளைத் தனியே விட்டு எழுந்து போனதும் அந்த மணற்பரப்பில்தான். அடுத்த பகுதியின் பெயரே வேனிற்காதை. அதில் மாதவி தாழை மடலில் எழுதி அனுப்பிய ஓலையைக் கோவலன் வாங்க மறுக்கிறான். கோடையும் கடலும் இவ்வளவு நெருங்கி நிற்கும் பாட்டை வேறெங்கே தேடுகிறீர்கள்?

நீங்கள் தேடுவது துள்ளலை. நம் இலக்கணம் நெய்தலுக்கு இரங்கலையும், வேனிலுக்குரிய பாலைக்குப் பிரிவையும் வகுத்து வைத்திருக்கிறது. கடலுக்குப் போனவன் திரும்புவானா என்று கரையில் ஒருத்தி காத்திருந்த வாழ்க்கையிலிருந்து வந்த இலக்கணம் அது. 1964-இல் வெளியான ‘படகோட்டி’ படத்துக்கு வாலி எழுதிய மீனவர் பாட்டும் அதே துயரத்தைத்தான் பாடியது, தமிழ்நாடே அதை முணுமுணுத்தது.

பீச் பாய்ஸ் பாடியது வேறு கடல். கோடை இதமாக இருக்கும் தென் கலிபோர்னியாக் கரையில், பள்ளி விடுமுறையில் விளையாடப் போன இளைஞர்களின் கடல் அது. 1961-இல் தொடங்கிய அந்தக் குழுவிலேயே அலைச்சறுக்கில் உண்மையாக ஈடுபட்டவர், டிரம் வாசித்த டென்னிஸ் வில்சன் ஒருவர்தான். பாட்டுகள் இனிமையானவை, மறுக்கவில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் வேலூரில், மாலையில்கூடக் கோட்டை மதிலில் கை வைக்க முடியாத நாட்களில், நம் பிள்ளைகள் வேன் பிடித்து மாமல்லபுரம் போகும் வழியெல்லாம் அவற்றைக் கேட்டுக்கொண்டு போனால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு, தமிழனுக்கு ரசனை இல்லை என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

விழாவுக்குப் பாட்டு வேண்டுமென்றால், கானல்வரியில் ‘திங்கள் மாலை வெண்குடையான்’ என்று தொடங்கும் பாட்டை உங்கள் மாணவர்களே மெட்டமைத்துப் பாடட்டும். ‘வாழி காவேரி’ என்று திரும்பத் திரும்ப வரும் இடங்களில் அரங்கமே சேர்ந்து பாடலாம்.