சாலையைத் தோண்டாமல் பாதாளச் சாக்கடைக் குழாயைப் புதுப்பிக்க முடியுமா? கேள்வி பதில்

2025 ஜனவரி 28 அன்று ஜப்பானின் யாஷியோ நகரில் சாலை உள்வாங்கி ஒரு லாரி விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். அடியில் இருந்தது 1983 முதல் ஓடிக்கொண்டிருந்த, 4.75 மீட்டர் விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய். இப்படிப்பட்ட குழாய்களுக்கு உள்ளே பிளாஸ்டிக் தகடு பதிப்பது பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

சார், தண்ணீர் ஓடுவது அடியில். அடிதானே முதலில் அரிக்கும்?

இல்லை, மேல்வளைவுதான். காற்றில்லாத சகதியில் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது மேலெழுந்து, ஈரமான கான்கிரீட்டில் படிகிறது. அங்கே வேறொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. கான்கிரீட் ஜிப்சமாகி, விரலால் வழித்தால் வரும் அளவுக்கு இளகிவிடும். நாங்கள் பதிக்கும் தகடு பிவிசி என்ற பிளாஸ்டிக்; அதை இந்த அமிலம் ஒன்றும் செய்யாது.

டைல்ஸ் ஒட்டுகிற மாதிரியா சார் ஒட்டுவீங்க?

ஒட்டுவதே கிடையாது. முதலில் உயர் அழுத்த நீரைப் பீய்ச்சி, நல்ல கான்கிரீட் தெரியும்வரை இளகியதை எல்லாம் எடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண். மேன்ஹோல் வழியாக இறக்கும் அளவிலான துண்டுகளை உள்ளே வளையமாகக் கோக்கிறோம். தகட்டின் முதுகில் விலா எலும்பு போல வரிகள் இருக்கும். பழைய சுவருக்கும் தகட்டுக்கும் இடையே சிமென்ட் கலவையைச் செலுத்தினால், அது அந்த வரிகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இறுகிய பிறகு பழைய குழாய், கலவை, தகடு மூன்றும் சேர்ந்து சுமை தாங்கும்.

கலவையை ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. பிவிசி அதைவிட லேசானது என்பதால் வளையம் மிதக்கும், அழுத்தத்தில் உள்பக்கம் பிதுங்கும். எனவே உள்ளே முட்டுக் கொடுத்து, படிப்படியாக நிரப்ப வேண்டும். கலவை போய்ச் சேராத வெற்றிடம் மேல்வளைவில்தான் ஒளிந்திருக்கும். ஜப்பானில் ஒளி ஊடுருவும் தகடுகளும் உண்டு. கலவை ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

விட்டம் குறைந்தால் மழைக்காலத்தில் பொங்காதா?

பெரும்பாலும் பொங்காது. 1,000 மி.மீ. குழாய் 930 ஆகிறது என்று வையுங்கள். பரப்பு குறையும், ஆனால் சுவர் வழவழப்பாகும். சுவர் நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் மேனிங் சொரசொரப்பு எண் 0.013இலிருந்து 0.010 ஆனால், ஓட்டம் சுமார் 7 விழுக்காடு கூடும்.

வேலை முடியும்வரை சாக்கடையை நிறுத்தணுமா?

ஆழமும் வேகமும் குறைவாக இருந்தால் ஓடவிட்டே செய்யலாம். மற்றபடி பம்பு வைத்து மாற்றுவழியில் விட வேண்டும்.

அண்ணா, உள்ளே இறங்குபவர்களுக்கு என்ன பாதுகாப்பு?

வாயு அளவி, காற்றோட்டம், மேலே கயிற்றோடு காவல் ஆள் எல்லாம் கட்டாயம். மூக்கை நம்பாதீர்கள், ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினாலே சில நிமிடங்களில் நாற்றம் தெரியாமல் போய்விடும். 2008 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவின் ஜோஷிகாயா பகுதியில் திடீர் மழை வெள்ளம் குழாய்க்குள் பாய்ந்து 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே ஒரு சொட்டு மழை விழுந்தாலும் வேலையை நிறுத்தி வெளியேறும் விதி வந்தது. எந்த ஊரில் வேலை எடுத்தாலும் ஒப்பந்தத்திலேயே இந்த விதியை எழுதிவிடுங்கள்.

குழாய்க்கு வெளியே மண் ஏற்கெனவே அரித்துப் போயிருந்தால்?

தகடு மட்டும் போதாது. தரை ஊடுருவும் ரேடார் ஆழத்தில் தெளிவாகக் காட்டாது; உள்ளிருந்து துளையிட்டுப் பார்த்து, வெற்றிடத்தை நிரப்பிய பிறகே தகடு பதிப்பதைத் தொடங்க வேண்டும்.